வெளியேற்றத்துக்கும் குடியுரிமைக்கும் நடுவே

குடியுரிமை தராமல், தங்கவும் வேலை செய்யவும் மட்டும் அனுமதிப்பது. அமெரிக்காவில் ஆவணமில்லாமல் வாழ்பவர்கள் பற்றிய உங்கள் கட்டுரைக்கு 'எல்லாரையும் அனுப்பிவிடு', 'எல்லாருக்கும் குடியுரிமை கொடு' தவிர மூன்றாவது வழி கேட்டிருந்தீர்களே, அது இதுதான்.

தங்கும் உரிமையையும் குடியுரிமையையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டதால்தான் முட்டி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2012இல் வந்த டாகா (DACA) என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தைப் பாருங்கள். சிறுவயதில் அழைத்து வரப்பட்டவர்களுக்கு நாடுகடத்தல் தள்ளிவைப்பு, வேலை அனுமதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. அவ்வளவுதான், குடியுரிமைப் பேச்சே இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது (எனக்குப் பிடித்ததும் இதுதான்): குறிப்பிட்ட தேதிக்கு முன்பே வந்து, தொடர்ந்து வசித்து, நன்னடத்தையோடு இருப்பவர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு விதி உண்டு. ஆனால் அந்தத் தேதி 1972 ஜனவரி 1. கடைசியாக மாற்றியது 1986இல். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை இன்னும் பிந்தைய தேதியாக மாற்றினாலே பலருக்கு வழி திறக்கும்.

எந்த யோசனையையும் எழுதுமுன் இப்படிச் சோதியுங்கள்:

1. யாருக்கு?
2. என்ன உரிமை, எத்தனை காலத்துக்கு?
3. எல்லைக் காவலும் வேலையிடச் சோதனையும் அந்த உரிமையைத் தருவதற்கு முன்பா, பின்பா? சண்டை பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம், நடுவழி என்றாலே நிறைவேறிவிடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2013இல் வந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில் குடியுரிமைக்குச் சுமார் 13 ஆண்டுக் காத்திருப்பும் இருந்தது, கூடுதல் எல்லைக் காவலும் இருந்தது. காங்கிரஸின் மேலவையான செனட்டில் 68-32 என வென்றும், கீழவையான பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.