நாவல் வெளிவந்த பிறகு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நாவல் வெளிவந்து நாலு மாதம் ஆகிறது. இது என்னுடைய மூன்றாவது. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஏதாவது கேட்டபடிதான் இருக்கிறீர்கள், நானும் சந்தையிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டு பாதிப் பதில் சொல்லி வந்தேன். இன்று ஞாயிறு, திருகோணமலை உவர்மலை வீட்டில் மழைக்கு அடைபட்டு இருக்கிறேன். கேட்டவற்றை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: ரீச்சர், சொந்தமாகப் புத்தகம் போட எவ்வளவு காசு முடியும்?

என் கணக்கை அப்படியே தருகிறேன். 224 பக்கம், 16 பக்கத்துக்கு ஒரு பாரம் என்று 14 பாரம், 300 பிரதி. அட்டை, கட்டு எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 620 ரூபா, மொத்தம் 186,000. விலை 1200 போட்டேன். கடைக்குக் கொடுத்தால் நூற்றுக்கு 35 கழிவு, அதாவது 420 போய் 780 கைக்கு வரும், அச்சுக்கூலி கழித்தால் மிச்சம் 160. அதுவும் விற்ற பிறகு, விற்றும் சில மாதம் கழித்து. 2022 இல் தாள் இல்லை என்று பள்ளிச் சோதனைகளையே தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கும். அப்போது ஏறிய அச்சுச் செலவு பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள் தம்பி, பாரத்தை எண்ணி எழுதுங்கள். எனக்கு முதலில் 226 பக்கம் வந்தது. அந்த இரண்டு பக்கத்துக்காக 15ஆவது பாரம் போட வேண்டும் என்றார் அச்சகக்காரர். என்னுரையை ஒரு பக்கமாகச் சுருக்கி, வெறுமையாக விட்டிருந்த ஒரு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணைப் பதிப்பகம் வழியாகத்தான் எடுக்க வேண்டுமா அக்கா?

இல்லை. கொழும்பில் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு எழுதுபவரே விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு எண்கள் 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும். அட்டை வேலை முடிவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பின்னட்டையில் அந்த எண்ணின் கோட்டுக்குறி (பார்கோட்) வைக்க இடம் வேண்டும். அப்புறம், சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் போக வேண்டும். அது அச்சகத்தின் வேலை, ஆனாலும் போனதா என்று நீங்கள் கேட்டு வையுங்கள்.

நகரத்திலிருந்து ஒருவர்: வெளியீட்டு விழாவில் என்வலப் வாங்குவது எழுத்தாளருக்கு அழகா?

கேட்டவர் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார், அதனால் நேராகவே சொல்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு நம் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை எல்லாம் முடிந்து வெளியீட்டுரை வரும்போது ஊரில் மதிப்பான ஒருவர் முதற்பிரதி வாங்குவார், வாங்கும்போது காசு வைத்த ஒரு என்வலப் கொடுப்பார். பிறகு சிறப்புப் பிரதிக்கு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள், அவர்களும் தங்களால் முடிந்ததை வைத்துக் கொடுப்பார்கள். கலியாண வீட்டு மொய் மாதிரித்தான். எனக்கு அன்று 74 பேர் வந்து வாங்கினார்கள், அடுத்த நாள் காலையிலேயே அச்சகத்து மிச்சக் கடனைக் கட்டினேன். அந்தக் காசு இல்லையென்றால் இந்தப் பகுதியில் பாதிப் புத்தகங்கள் வந்தேயிருக்காது. அதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 74 பேரில் புத்தகத்தை வாசித்துவிட்டு என்னோடு கதைத்தவர்கள் இதுவரை 9 பேர். மற்றவர்கள் எனக்காக வந்தார்கள், அந்த அன்பு பெரிது, ஆனால் நான் மூன்று வருடம் இருந்து எழுதியது வாசிப்பதற்கு. அதனால்தான் இந்த முறை 60 பிரதிகளை விழாவுக்குக் கொண்டுபோகாமலே கட்டி வைத்தேன். அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன், 700 ரூபாவுக்குக் கொடுக்கிறேன், காசு இல்லாத பிள்ளைக்குச் சும்மா கொடுக்கிறேன். வாங்குபவரிடம் ஒரேயொரு பொருத்தம்: வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் கோல் எடுக்க வேண்டும்.

விழா வைக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆறு பேச்சாளர் வேண்டாம். கொழும்பிலிருந்து வந்தவர் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஆய்வுரையை அவசரமாக முடித்தார், எனக்கு ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. ஆனால் நடுவில் பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒன்றை நாவலில் இரண்டு பக்கம் உரத்து வாசிக்க வைத்தேன். மண்டபம் அசையாமல் கேட்டது அந்த நேரத்தில் மட்டும்தான்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: சென்னைப் பதிப்பகத்தில் போட்டால் நம் சொற்களை மாற்றிவிடுவார்களா?

மாற்றச் சொல்வார்கள் என்பதை விட, விளங்காமல் கேட்பார்கள் என்று சொல்வதுதான் நியாயம். என் இரண்டாவது நாவல் அங்கேதான் வந்தது. "பாதை வரவில்லை, இருட்டும்வரை கரையிலேயே நின்றோம்" என்று ஒரு வரி. பதிப்பாசிரியர் எனக்கு எழுதினார், பாதை எப்படி வரும், பாதையில் நாம்தானே போவோம் என்று. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆளையும் பஸ்ஸையும் ஏற்றித் தண்ணீரைக் கடந்த அந்த மிதவைக்கு நமக்கு அதுதானே பெயர், பாலத்துக்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகளுக்கே அது விளங்குமோ என்னவோ. கச்சானும் அப்படித்தான், ஒரு இடத்தில் தென்மேற்குக் காற்று, இன்னொரு இடத்தில் கொறிக்கும் நிலக்கடலை. நான் ஒன்றையும் மாற்றவில்லை. அடிக்குறிப்பும் வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக முதல் தடவை பாதை வரும் இடத்தில் அதன் இரும்புத் தட்டில் லொறிச் சில்லு ஏறும் சத்தத்தை ஒரு வரி சேர்த்தேன், வாசிப்பவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பதிப்பாசிரியர் நல்ல வாசகர், அவருடைய கேள்வியால்தான் அந்த வரி வந்தது.

ஒப்பந்தத்தை மட்டும் முழுதாக வாசியுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதுபவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் இருக்கும். ஒரு பதிப்புக்கு அனுமதி கொடுங்கள், உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் மழைக்காலம் தொடங்குமுன் கையெழுத்துப்படி அங்கே இருக்க வேண்டும். அங்கே வரும் புத்தகம் இங்கே வரும்போது இந்திய ரூபா ஒன்றுக்கு நம் ரூபா மூன்றுக்கு மேல், அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு பிள்ளை: ரீச்சர், புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று எங்கட அப்பப்பா சொன்னார், கோபமா?

கோபமே இல்லை மகள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். 113ஆம் பக்கத்தில் மார்கழி மாதம், லோஞ்சுப் படகில் ஆட்கள் கொட்டியாரக் குடாவைக் கடக்கிறார்கள், முகத்தில் கச்சான் அடிக்கிறது. உங்கள் அப்பப்பா கோல் எடுத்து, "மார்கழியில ஏது மகள் கச்சான்? வாடைக் கடல் கிடக்கிற கிடை தெரியாதா?" என்றார். தெரியும். கச்சான் ஆடியில் அடிக்கும் காற்று, மார்கழியில் வாடைதான். அந்த அத்தியாயம் முதலில் ஆடியில்தான் நடந்தது. கதைக்காக மார்கழிக்குத் தள்ளினேன், மழையை வைத்தேன், உடுப்பை மாற்றினேன், காற்றை மறந்துபோனேன். அச்சுக்குப் போகுமுன் ஐந்து பேர் பிழை திருத்த மெய்ப்புப் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் நாங்கள் எல்லாரும் எழுத்தைப் பார்த்தோம், அவர் கடலைப் பார்த்தார். கையிலிருந்த பிரதிகளில் பேனாவால் திருத்திவிட்டேன்.

அதே வீட்டிலிருந்து: மெய்ப்பு எப்படிப் பார்ப்பது?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய அத்தியாயங்களை யூனிகோட்டுக்கு மாற்றினால் நடுவில் கிடந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் குப்பைத் தமிழாகும், அவற்றை முதலில் தேடுங்கள். துணைக்காலும் ரகரமும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், அதனால் தாளில் எடுத்துப் பாருங்கள். கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள், கதை உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

பெயர் வேண்டாம் என்றவர்: சம்பூர் அத்தியாயம் என் சின்னம்மாவின் கதை மாதிரியே இருக்கிறது. கேட்டுத்தான் எழுதினீர்களா?

இதற்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். 2006 இல் சண்டையால் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு, மட்டக்களப்பு, கிளிவெட்டி என்று முகாம் முகாமாக இருந்து, 2015 தொடங்கிக் காணி திரும்பக் கிடைத்த குடும்பங்கள் பல. ஒரு வீட்டில் நடந்தது நாலு வீட்டில் நடந்திருக்கும். உங்கள் சின்னம்மாவை நான் சந்தித்ததில்லை. ஆனால் எனக்குச் சொன்ன இரண்டு பெண்களிடம் அச்சுக்குக் கொடுக்கும் முன் போய், அவர்களுடைய விறாந்தையில் இருந்து அந்த 18 பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மற்றவர், "அந்தத் தையல் மெஷினை எடுத்துவிடுங்கோ, அதை வைத்து ஊரே என்னைக் கண்டுபிடிக்கும்" என்றார். அந்த மெஷினைக் கிணற்றடியில் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போகும் இடம்தான் அத்தியாயத்தின் உயிர். எடுத்துவிட்டேன், அதற்குப் பதிலாக வேறெதையும் வைக்கவில்லை. வாசித்த இரண்டு மூன்று பேர் அந்த இடம் சப்பென்று இருக்கிறது என்றார்கள், சரிதான், அப்படியே இருக்கட்டும். உங்கள் சின்னம்மா வாசித்து மனம் நொந்திருந்தால் நான் வந்து பார்க்கிறேன், சொல்லுங்கள்.

உவர்மலைத் தோழி ஒருத்தி: விழா முடிந்ததும் மனம் வெறுமையாகிவிடுமா?

ஆகும் மச்சாள், இந்த முறையும் ஆனது. மூன்று கிழமை ஒருவரும் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி எழுதிப் பழகிய உடம்பு எழும்பிவிடும், மேசையில் ஒன்றும் இருக்காது. கடற்கரைக்கு நடந்தேன், டச்சுக்குடாவில் மான்கள் படுத்திருக்கும், அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒரு இரவு அந்த மூதூர்க்காரரின் கச்சான் கோல் வந்தது. அவர் பிழை சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, 113ஆம் பக்கம் வரை ஒருவர் வந்துவிட்டார் அல்லவா.

பலர்: அடுத்த நாவல் எப்போது?

இன்னும் தொடங்கவில்லை. கட்டி வைத்த 60இல் 22 மிச்சம். வருகிற சனிக்கிழமை காலை தம்பலகாமம் பஸ்ஸில் வருகிறேன், வேண்டியவர்கள் முதலே சொன்னால் அத்தனையையும் தூக்கிவருவேன். காற்றைத் திருத்திய பிரதிகள்தான்.