ஓட்டுபவரின் பொறுப்பு எதுவரை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் வெளிமாநிலத்தில் நடந்த 80 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரையோட்ட) போட்டியில் வேறொருவருடைய குதிரையை ஓட்டினான். மருத்துவர்களின் சோதனைகள் எல்லாவற்றிலும் குதிரை தேறியது. கடைசிச் சுற்றில் இரண்டு தொட்டிகளிலும் அது தண்ணீர் குடிக்கவில்லை. தாகமில்லை என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் ஓட்டியிருக்கிறான். அன்றிரவு வயிற்றுவலியால் விழுந்த குதிரை சிகிச்சைக்குப் பின் பிழைத்துக்கொண்டது. மருத்துவரே அனுமதித்த பிறகு பையனைக் குறை சொல்வது நியாயமா?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

நியாயம்தான். ஆனால் குதிரை விழுந்தது என்பதற்காக அல்ல. கவனமாக ஓட்டியவரின் குதிரைக்கும் வயிற்றுவலி வரலாம். கண்மூடித்தனமாக விரட்டப்பட்ட குதிரை ஒன்றும் ஆகாமல் லாயம் திரும்பவும் கூடும். ஓட்டியவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்தார் என்பவற்றை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவர் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 64-க்கு, இறங்கிவிட்டதா என்று பார்க்கிறார். ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் ரத்தம் எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்று கவனிக்கிறார். குடலின் ஓசையைக் கேட்கிறார். ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கிறார். இவையெல்லாம் அந்தச் சில நிமிடங்களின் நிலையை மட்டுமே சொல்லும். அதன்பின் அடுத்த சோதனை வரை குதிரையின் உடலை உணரக்கூடியவர் அதன்மேல் இருப்பவர் ஒருவரே. சோதனையில் தேறிய குதிரையையும் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

இனி தண்ணீருக்கு வருகிறேன். நம் வியர்வையில் ரத்தத்தைவிட உப்பு குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்புச் செறிவு கூடி நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ ரத்தத்துக்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ உப்பு வெளியேறிவிடுவதால், உடலில் நீர் வற்றிய பிறகும் அதற்குத் தாகம் தோன்றாமல் போகலாம். பல மணி நேரம் வியர்த்த குதிரை தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். இரண்டாவது தொட்டியிலேனும் அவன் இறங்கி, கழுத்திலும் நெஞ்சிலும் தண்ணீர் ஊற்றி, குதிரையைக் கையில் பிடித்து நடத்தி வந்திருக்க வேண்டும். முடியாமல் போனால் அதுவே நின்றுவிடும் என்று நம்பியிருக்கவும் கூடாது. உதகை ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் களைத்த பின்னும் கடிவாளம் இழுத்த பக்கமே நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எனினும் பழியை அவன் ஒருவன் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். 2015-இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, எண்டூரன்ஸ் குதிரைகளின் நலன் காக்கப்படவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. அமெரிக்காவில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பை எண்டூரன்ஸ் போட்டியில், முதல் பத்து இடங்களில் வரும் குதிரைகளுள் உடல்நிலை மிக நன்றாக உள்ளதற்குத் தனிக் கோப்பையே தருகிறார்கள். எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதற்காகத்தான் ஓட்டுவார்கள்.

பையன் மீண்டும் ஓட்டட்டும். அதற்கு முன் சில போட்டிகளில் மருத்துவர் அருகே உதவியாளாக நின்று, அந்த ஈறுகளையும் குடலோசையையும் பழகிக்கொள்ளட்டும். கடைசிச் சுற்றில் வேகத்தைக் கூட்டச் சொல்லி உரிமையாளர் தரப்பிலிருந்து அவனுக்கு ஏதும் சொல்லப்பட்டதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். சொல்லியிருந்தால் பெரும்பங்குப் பொறுப்பு அவர்களுடையது.