தம்பி பெற்றெடுத்த 40 பெண்கள்

கேள்வி: சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் பற்றிய ஆய்வு. 300 பேரிடம் கேள்விப் படிவம் வாங்க வேண்டியிருந்தது. கடைசி நேரத்தில் எனக்கு உடம்பு முடியாததால், 40 படிவங்களை மட்டும் என் தம்பி வீட்டிலேயே உட்கார்ந்து முடித்துக் கொடுத்தான். நல்ல பையன். என் பிரச்சினை வேறு. நான் எழுதிய கட்டுரையில், ஒரு வரிகூட எழுதாத இன்னொரு பேராசிரியரின் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் என் கைடு. காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் எனக்கு 6 சதவீதம்தான் வந்தது. இவ்வளவு நேர்மையாக உழைத்தவளுக்கு இந்த அநியாயமா? எப்படி எதிர்ப்பது?
- பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்.

பதில்: கைடு பெயர் சேர்க்கச் சொல்லும் கதை எனக்கு மாதம் ஒரு கடிதத்திலாவது வருகிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். "வீட்டிலேயே உட்கார்ந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

பனியன் கம்பெனிப் பெண்கள் உங்கள் வீட்டு வரவேற்பறையிலா இருந்தார்கள்? வயது, சொந்த ஊர், வாரச் சம்பளம், எத்தனை பிள்ளைகள் என்று படிவம் கேட்டிருக்குமே, தம்பி யாரிடம் விசாரித்து எழுதினான்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? கைநாட்டு என்றால் அது யார் விரல்? உழைக்காத ஒருவரின் பெயர் கட்டுரையில் ஏறுகிறதே என்று பொங்குகிறீர்கள். பிறக்கவே பிறக்காத 40 பெண்களை நீங்கள் ஆய்வேட்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தப் பேராசிரியராவது உயிரோடு இருக்கிற மனிதர்.

6 சதவீதத்தைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. அதெல்லாம் அடுத்தவர் எழுதியதை எடுத்ததற்கு. தம்பி அடித்துவிட்டது உலகத்தில் வேறெங்கும் இல்லாத சரக்கு. சாஃப்ட்வேர் அதற்கு பூஜ்யம்தான் காட்டும்.

ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே பதில் சொன்ன பெண்ணின் தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாலாக மடங்கியிருக்கும். சூப்பர்வைசரைப் பற்றிய கேள்வியில் ஒரு டிக் போட்டு, பயந்து, அதை அடித்து வேறு கட்டத்தில் போட்டிருப்பாள். வீட்டுக்காரர் குடிப்பாரா என்ற இடம் காலியாக இருக்கும். தம்பியின் தாள்களை எடுத்துப் பாருங்கள். ஒரே பேனா, ஒரு மடிப்பு இல்லை, ஒரு கேள்வி விடுபடவில்லை, பாதிக்கு மேல் "ஓரளவு உடன்படுகிறேன்".

மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்தவில்லை. மாட்டாமலே போனால்தான் ஆபத்து. 300-இல் 40 என்றால் 13 சதவீதத்துக்கும் மேல். கழிப்பறைக்குப் போக நேரம் தருகிறார்களா என்ற கேள்விக்குத் தம்பி போட்ட டிக், நிஜமாகவே அடக்கிக்கொண்டு தைத்தவளின் பதிலை அமுக்கும். நாளைக்கு எவரோ உங்கள் அட்டவணையை எடுத்து, பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதுவார்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டாபெல் என்று ஒரு சமூக உளவியல் பேராசிரியர் இருந்தார். அவரும் வீட்டிலேயே உட்கார்ந்துதான் முடித்தார்: சமையலறை மேசையில், மடிக்கணினியில் எண்களைத் தானே தட்டினார். 2011-இல் அவர் துறையின் இளம் ஆய்வாளர்கள் மூவர்தான் போய்ச் சொன்னார்கள். 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் கொடுத்த தரவை நம்பி பிஎச்.டி. முடித்த பிள்ளைகளின் ஆய்வேடுகளிலும் அந்தப் பொய் ஏறியிருந்தது.

தம்பி அக்காவுக்கு உதவக் கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கஞ்சி வைத்துத் தரட்டும், வண்டியில் திருப்பூர் கூட்டிப் போகட்டும், பெயர்களை மறைத்துவிட்டு நிஜப் படிவங்களை எக்ஸெலில் ஏற்றித் தரட்டும். மூத்தவள் கைகாட்டினால் இளையவன் செய்வான்; நம் வீடுகளில் அப்படித்தான். நீங்கள் பொய்யைக் கைகாட்டிவிட்டு, செய்து முடித்ததும் "நல்ல பையன்" என்று தட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

அந்த 40 தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். தனியாகக் கட்டி கைடிடம் எடுத்துப் போய், நடந்ததைச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். 260 பேரை வைத்து எல்லா அட்டவணையையும் மறுபடி போடுங்கள்; முடிவு மாறினால் மாறட்டும். இல்லை, 300 வேண்டும் என்றால் உடம்பு தேறியதும் போய் 40 பேரைக் கேளுங்கள். காலம் போதாது என்று சொல்லாதீர்கள். மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிகளில் பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் சலுகை தரலாம் என்றே இருக்கிறது. கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருந்தால் இன்றைக்கே எழுதி நிறுத்துங்கள்.

பெயர் விஷயம்: ஆய்வைத் திட்டமிட்டவர், தரவு சேர்த்தவர், அலசியவர், எழுதியவர் - இதில் எதிலும் இல்லாதவருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கைடு முன் வையுங்கள். கட்டுரையில் பெயர் போடுகிறவர் அதிலுள்ள தரவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் 40 தாள்களை ஒப்படைத்த பிறகு சொல்லுங்கள். இப்போது அவர் பெயரைச் சேர்த்தால், உங்கள் தம்பியின் டிக்குகளுக்கு அந்த மனிதரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும், பாவம்.