குனிந்தால் போதாது, படுக்க வேண்டும்

கேள்வி: மழைக்குப் பிறகு காட்டில் முளைக்கும் காளான்களை 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) எடுக்கிறேன். குடையின் முன்விளிம்பு மட்டும் பளிச்சென்று விழுகிறது, காம்பும், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள்களும் மங்கிவிடுகின்றன. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/22 வரை சுருக்கினால் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) மொத்தப் படமும் மழுங்குகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். 1:1 நெருக்கத்தில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பொருளின் நிஜ அளவே விழும்போது, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழமே சுமார் 1 மில்லிமீட்டர்தான். எஃப்/22 வரை போனாலும் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காகப் படம் முழுவதன் நுணுக்கத்தையும் இழக்கிறீர்கள், ஏனென்றால் துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் பட்டுப் பரவிவிடும், அதிலும் 1:1ல் எஃப்/22 என்பது கிட்டத்தட்ட எஃப்/44 போலவே நடந்துகொள்ளும்.

அதனால் எஃப்/8, எஃப்/11 பக்கமே இருங்கள். கையில் இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். நின்றபடியோ குனிந்தபடியோ மேலிருந்து எடுத்தால் குடையின் உச்சி, விளிம்பு, காம்பின் அடி எல்லாம் வெவ்வேறு தூரத்தில் இருக்கும், எந்த அப்பர்ச்சராலும் அதைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. தரையில் படுத்து, லென்ஸைக் காளானின் மட்டத்துக்கே இறக்கி, சென்சாரைக் காம்புக்கு இணையாக வைத்துப் பாருங்கள். காம்பும் குடையின் இரு பக்க விளிம்புகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் வந்துவிடும், பின்னணியும் தூரம் போய் மென்மையாகக் கரையும். ட்ரைபாட் அவ்வளவு கீழே இறங்காது என்றால் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை போதும். கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை (லைவ் வியூ) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள், காற்று நிற்கும்வரை காத்திருங்கள். நூல் மாதிரி காம்புள்ள சின்னக் காளான்கள் நம் மூச்சுக்கே ஆடும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யலாமா என்றால், தாராளமாக. முன்னிருந்து பின்னாக ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்துப் பிறகு மென்பொருளில் இணைப்பது. 1:1ல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தை மூடவே சுமார் 15 படம் வேண்டும். ஆனால் எல்லாக் காளானுக்கும் அது தேவையில்லை என்பது என் கருத்து, எல்லாமே கூர்மையாக இருக்கும் படத்தில் கண் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கிறது.

வெளிச்சத்துக்கு மேகமூட்டமான நாள்தான் சிறந்தது. குடைக்கு அடியில் இருட்டாக இருக்கும், ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் சாய்த்து வைத்தால் செவுள்கள் தெளிந்துவிடும். ஈரக் குடை பளபளத்தால், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போடுங்கள். மெல்லிய குடை என்றால் பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள், உள்ளிருந்து எரிவது போல இருக்கும்!

கேள்வி: ஃபோனில் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஃபோனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரைக்கு மிக அருகில் வந்துவிடும், பாதி வேலை முடிந்தது. மேக்ரோ மோடில் ரொம்ப நெருங்கினால் ஃபோனின் நிழலே காளான் மேல் விழும், கொஞ்சம் பின்வாங்கி, தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்துப் பாருங்கள். பின்னணியை மங்கவைக்கும் போர்ட்ரெய்ட் மோட் மட்டும் வேண்டாம், மெல்லிய காம்பின் ஓரங்களை அது தப்பாக வெட்டிவிடும்.

கேள்வி: அடிப்பக்கத்தைக் காட்டக் காளானைப் பிடுங்கலாமா?

பதில்: படத்துக்காக என்றால் வேண்டாம். ஒரு சின்னக் கண்ணாடியைக் குடைக்கு அடியில் நீட்டினால் செவுள்கள் அதிலேயே தெரியும். சுற்றியுள்ள பாசியையும் மிதிக்காதீர்கள். குறுக்கே கிடக்கும் சருகை மெதுவாக எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். சில மைக்காளான்கள் ஒரே நாளில் கறுத்துக் கரைந்துவிடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

அப்புறம், இனம் கண்டுபிடிக்க நினைத்தால் ஒரே கோணம் போதாது. குடையின் மேல்பக்கம், செவுள்கள், காம்பில் வளையம் இருக்கிறதா, அடியில் பை போன்ற உறை இருக்கிறதா, பக்கத்தில் என்ன மரம், எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். உயிரையே எடுக்கும் அமானிட்டா ஃபல்லாய்டஸ் காளானுக்கு அந்த உறை முக்கிய அடையாளம், அதுவும் மண்ணுக்குள் மறைந்திருக்கும். எனவே படத்தை மட்டும் வைத்து எந்தக் காட்டுக் காளானையும் தின்னத் துணியாதீர்கள்.