பழப்புளியில் கை வைக்க வேண்டாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கனடாவில், நயாகரா பக்கம், ஒரு குடும்பம் நடத்தும் சிறிய வைன் பண்ணையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்கு வைனை ஊற்றிக் கொடுத்து, அதன் சுவையையும் அது எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பவை நான்கு. லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். பச்சை ஆப்பிளும் தேசிக்காயும் மணக்கும், ஆல்கஹால் 10.5 வீதம். ஓக் மரப் பீப்பாயில் வைத்த சார்டனே, அதுவும் வெள்ளை. கபர்னே ஃபிராங் என்ற சிவப்பு. கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்யும் விடால் ஐஸ்வைன்.

உன் ஊர்ச் சாப்பாட்டோடு ஒரு மாலை விருந்து நடத்து என்று முதலாளி அம்மா சொல்லியிருக்கிறார். நண்டுக் கறி வைக்க யோசிக்கிறேன். ஆனால் உறைப்பும் புளியும் வைனைக் கெடுத்துவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பழப்புளியை விட்டுவிட்டு, தூளைப் பாதியாக்கி, தேங்காய்ப்பாலைக் கூட்டினால் சரிவருமா? எந்த வைன் பொருந்தும்? எந்த மாதிரிக் கிளாஸ்? உண்மையைச் சொன்னால், நம் ஆட்களுக்குக் குடிக்கத்தான் தெரியும், ருசிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரரிடம்தான் படிக்க வேண்டியிருக்கிறது. என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஒரு வாசகி, நயாகரா

*

அன்புள்ள பிள்ளைக்கு,

கிளாஸ் சுத்தமாக இருந்தால் போதும். அம்மாவிடம் இந்தக் கிழமையே சொல்லிவிடும். குடியால் அழிந்த வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. அவருக்குப் பயம் வந்தால் அது நியாயமான பயம். ஆனால் செய்தி உம் வாயால்தான் அவருக்குப் போக வேண்டும், ஊர் வாயால் அல்ல.

உம் கடிதம் வந்த நேரம் நானும் இதைத்தான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளுக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் உறவுக்காரர் வீட்டு விருந்து. மெனு அட்டையில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பக்கத்தில் ஒரு வைனின் பெயர் போட்டிருந்தார்கள். இறாலுக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று, எல்லாம் கப்பலில் வந்தவை. மதிலுக்கு அந்தப் பக்கம் பனை வரிசையாக நிற்கிறது. அட்டையில் கள் இல்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "அது இங்க வைக்கிற சாமான் இல்லை ஐயா" என்றார். சொல்லும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு கூச்சம். கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டேன் என்பது போல. அந்தக் கூச்சம் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. அதற்குள் உம் கடிதம்.

"நம் ஆட்களுக்குக் குடிக்கத்தான் தெரியும், ருசிக்கத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர். எனக்குக் கோபம் வந்தது. இப்படி நினைக்க உமக்குப் பழக்கியவர்கள் மேல்தான் பெரும்பங்கு கோபம். ஆனாலும் எழுதியது நீர், ஆகவே பேச்சு வாங்க வேண்டியதும் நீர்தான்.

சம்பூரில் என் பெரியப்பாவின் வளவில் பனைகள் நிறைய. பாளை வரும் காலத்தில் ஒருவர் காலையும் மாலையும் சீவ வருவார். தளநாரைக் காலில் மாட்டி ஏறி, பாளையின் நுனியைக் கடதாசி மெல்லிசுக்குச் சீவி, கள் வடிகிற மண் முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். இறக்கிய முட்டியில் தேனீயும் எறும்பும் மிதக்கும். பன்னாடையில் வடித்து, பனையோலைப் பிளாவில் ஒரு வாய் எடுத்து, நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுவார். வேலை முடியும்வரை ஒரு மிடறு உள்ளே இறக்கமாட்டார். துப்பிவிட்டு மரத்தைப் பற்றிப் பேசுவார். இது களப்புக் கரை மரம், கொஞ்சம் உவர் அடிக்குது. கிணத்தடி மரத்துக்கு இப்பதான் இனிப்பு ஏறுது. அந்தப் பெண்பனை களைச்சுப் போச்சு, இனி விடவேணும். பெரியப்பாவுக்கு வேறு மரத்தோடு கலக்காத தனிப்பனைக் கள்தான் வரும். ஒரே தோட்டத்துத் திராட்சை என்று போத்தலில் அச்சடித்து உங்கள் பக்கத்தில் விலையைக் கூட்டுகிறார்களே, அதே காரியம். இங்கே அச்சடிக்க ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை, அவ்வளவுதான்.

கள்ளின் சங்கதி உமக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர். பூசாவிட்டால், பாளையிலிருந்து சொட்டும்போதே முட்டியில் தங்கியிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். விடியப்புறம் இறக்கிய உடன்கள் இனிப்பு. வெயில் ஏற ஏற இனிப்பு வடிந்து நுரையும் புளிப்பும் வெறியும் கூடும். அப்போதும் ஆல்கஹால் நான்கு, ஐந்து வீதம்தான். அப்படியே விட்டால் அடுத்தடுத்த நாளில் வினாகிரி. ஆகவே கள் ஒரு பானம் இல்லை பிள்ளை, ஒரே நாளுக்குள் பல பானம். அந்த மனிதருக்கு ஒவ்வொன்றுக்கும் என்ன சாப்பாடு என்று தெரியும். "உடன்களுக்கு ஒண்டும் வேண்டாம், அப்படியே குடியுங்கோ. பத்து மணிக் கள்ளுக்கு நண்டு, இல்லாட்டிச் சுட்ட கருவாடு. பின்னேரக் கள்ளுக்குக் கொழுப்பு வேணும். ஈரலைப் பொரியுங்கோ, மீன் சினையைப் பொரியுங்கோ. இல்லாட்டி வயித்தைத்தான் பிடுங்கும்." புளிப்பு கொழுப்பை அறுக்கும், கொழுப்பு புளிப்பை அடக்கும் என்று உங்கள் பண்ணையில் பாடம் எடுத்திருப்பார்கள். அவர் அதைப் பாடமாகச் சொல்லவில்லை. என்ன பொரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவையும் அவர் சொன்னது வேலிக்கு வெளியே நின்று. தேத்தண்ணி அவருக்குச் சிரட்டையில். அவர் நாக்கை நம்பிப் பெரியப்பாவும் கூட்டாளிகளும் குடித்தார்கள்; அவரை முற்றத்துக்குள் விடவில்லை. வீட்டில் எவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரான்சில் வைனுக்குப் பேர்போன பர்கண்டியில் துறவிகள் நூற்றாண்டுக்கணக்காக இந்தத் துண்டு நிலத்துக்கு இந்தச் சுவை, அடுத்த துண்டுக்கு வேறு சுவை என்று பார்த்து, பிரித்து, கல்மதில் கட்டிவைத்தார்கள். அதைத்தான் இன்று உலகம் பணம் கொடுத்துப் படிக்கிறது. நம்மிடம் அதே அறிவு இருந்தது, ஆனால் மரம் ஏறுகிறவனிடம் இருந்தது. மரம் ஏறுகிறவன் சொல்வதை அறிவு என்று எடுத்து ஒரு கொப்பியில் எழுத, படித்த நம் வீடுகளுக்கு மனம் வரவில்லை. சாதித் திமிர் செய்த வேலை இது. அந்தத் திமிரின் பலனைத்தான் "நம் ஆட்களுக்கு ருசிக்கத் தெரியாது" என்று நீர் இன்று நயாகராவிலிருந்து எழுதுகிறீர். நம் ஆட்கள் என்று சொல்லும்போது யாரை எண்ணுகிறீர்? அவரை எண்ணினீரா? அவரைச் சேர்த்து எண்ணிவிட்டு அந்த வரியை எழுதப் பாரும், கை எழும்பாது.

2006இல் போரால் சம்பூர் இடம்பெயர்ந்தது. சனம் திரும்பிப் போய்ச் சேர ஏறத்தாழப் பத்து வருடம். அவர் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போனதும் சரி. சிரட்டையில் தேத்தண்ணி குடிக்க எந்தப் பிள்ளை வரும்? கிணத்தடி மரம் எதுவென்று என்னால் இன்றைக்கும் காட்ட முடியும். அதற்கு எப்போது இனிப்பு ஏறும் என்று எனக்குத் தெரியாது.

சரி, நண்டு.

மிளகாயின் எரிவை ஆல்கஹால் கூட்டும். சிவப்பு வைனின் துவர்ப்பும் கூட்டும். இனிப்பு தணிக்கும். கள் நம் கறியோடு சண்டை பிடிக்காததற்குக் காரணம் இதுதான்: வெறி குறைவு, துவர்ப்பு இல்லை, கொஞ்சம் இனிப்பு மிச்சம், நல்ல புளிப்பு. இப்போது உம்மிடம் இருக்கும் நான்கையும் பாரும். பத்து மணிக் கள்ளுக்குக் கிட்ட நிற்பது எது? ரீஸ்லிங். நன்றாகக் குளிரவைத்துக் கொடும்.

பழப்புளியை விடலாமா என்று கேட்டதற்குத்தான் உமக்கு இரண்டாம் பேச்சு. திராட்சையின் புளிப்புக்கு முதல் காரணம் டார்டாரிக் அமிலம். தேசிக்காயில் இருப்பது சிட்ரிக், ஆப்பிளில் மாலிக். டார்டாரிக் அமிலம் இவ்வளவு மிகுதியாக இருக்கிற பழங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று திராட்சை, இன்னொன்று நம் பழப்புளி. குளிரில் வைத்த வைன் போத்தலின் அடியிலும் தக்கையிலும் சின்னச் சின்னப் பளிங்காகப் படிகிறதே, அது அந்த அமிலத்தின் உப்பு. நீர் தினமும் துடைக்கிற போத்தலில் இருக்கிறது. சொந்தச் சகோதரத்தையே கலியாணத்துக்கு வரவேண்டாம் என்று சொல்கிற வேலை இது, பிள்ளை. புளி வைனைக் கெடுக்கும் என்பது அரைகுறைப் பேச்சு. வைனைவிடக் கறி புளிப்பாக இருந்தால் வைன் சப்பென்று போகும், அவ்வளவுதான். ரீஸ்லிங்கின் புளிப்பு சாதாரணப் புளிப்பு இல்லை, நண்டுக் கறியின் புளிக்கு அது ஈடுகொடுக்கும். மாறாக, புளியை எடுத்துத் தேங்காய்ப்பாலைக் கூட்டினால் என்ன நடக்கும்? நண்டுச் சதை தன்பாட்டில் இனிப்பு, பால் இனிப்பு, வைனிலும் இனிப்பு. மூன்றாம் வாயில் திகட்டிவிடும். கரைக்கிற புளியின் அளவைக் கூட்டாமல் குறைக்காமல் உம் அம்மா போடுவதுபோலவே போடும். தூளைக் கொஞ்சம் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை; பழக்கமில்லாத விருந்தாளியின் கண்ணில் தண்ணி வரவைப்பது மரியாதை இல்லை. ஆனால் தூள் வறுத்துத் திரித்ததாக இருக்க வேண்டும். பெருஞ்சீரகம் மணக்க வேண்டும்.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதியை மறந்துவிடும். நம் சட்டியில் தீர்மானிப்பது குழம்பு. அதே நண்டைப் புளியில்லாமல், மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டுப் பாற்கறியாக வைத்தால் அதற்குச் சார்டனே வேண்டும். ஓக் பீப்பாயிலிருந்து வைனில் இறங்குகிற மணச்சத்துகளில் ஒன்று தேங்காய் மணம் தருவது. முதற்பாலோடு அது சேர்வதை முகர்ந்து பார்த்தால் உமக்கே சிரிப்பு வரும். கபர்னே ஃபிராங்கை நண்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். சிவப்பில் இருக்கிற இரும்புச்சத்தும் கடலுணவின் கொழுப்பும் சேர்ந்தால் நாறல் கிளம்பும். அதை மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு வையும், குடைமிளகாயும் நறுக்கிப் போட்டால் நல்லது. அந்த வைனில் வருகிற பச்சை மணத்துக்கும் குடைமிளகாயின் மணத்துக்கும் மூலம் ஒன்றே.

ஐஸ்வைன் பற்றி நீர் கேட்கவில்லை, ஆனால் யாராவது வட்டிலப்பத்தோடு வைக்கச் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். இனிப்போடு இனிப்பு மோதினால் இரண்டும் தோற்கும். ஐஸ்வைன் என்பது, குளிர் சைபருக்குக் கீழே எட்டுப் பாகைக்குப் போனபிறகு பறித்த, உறைந்த திராட்சையின் சாறு. தண்ணி பனிக்கட்டியாக நின்றுவிட, சர்க்கரைதான் பிழிந்து வருகிறது. அது கிட்டத்தட்டப் பாணி. ஆகவே பாணி ஊற்றாத தயிரோடு கொடும். மூதூர் எருமைத் தயிருக்கு அங்கே எங்கே போவது, கெட்டியான புளிப்பு யோகட் எடுத்தால் போதும்.

அன்றைய அட்டையில் ரீஸ்லிங்குக்குக் கீழே ஒரு வரி போட வேண்டும்: திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கறியைப் பத்து மணிக் கள்ளோடு சாப்பிடுவார்கள், அதைச் சொல்லித் தந்தவர் ஒரு சீவல் தொழிலாளி. இங்கிலிசிலும் தமிழிலும் எழுதும். முதலாளி அம்மா கேட்டால் நான் மேலே எழுதியதை எல்லாம் சொல்லும், சிரட்டையையும் சேர்த்து. அதை மறைத்துவிட்டுக் கள்ளை மட்டும் பெருமையாகப் பேசினால் நீரும் பெரியப்பாவின் கூட்டாளிகளில் ஒருவர்தான்.

அப்புறம், விருந்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே சின்னச் சட்டியில் ஒரு தரம் சமைத்து, வைனோடு வாயில் வைத்துப் பாரும். என் பேச்சை நம்பி நேரே மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம். நண்டை உடைத்துப் போடும், இல்லாவிட்டால் புளி உள்ளே இறங்காது. அடுப்பை அணைக்கும்போது முருங்கையிலை. உங்கள் பக்கத்தில் கிடைக்காவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய்த் தமிழ்க் கடைகளில் தேடும், உறைந்ததாவது இருக்கும். தூரம் என்று சாக்குச் சொல்லி வேறு கீரை எதையும் போட்டுவிட வேண்டாம்.