ஏ.ஏ. கூட்டத்தில் 'சேர்த்துவிட' யாரும் தேவையில்லை

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, அரசுப் பணி. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார். இப்போது அவராகவே ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறார். பதிவுக் கட்டணமாக 8,000 ரூபாயும் ஆதார் நகலும் கொடுத்தால் சேர்த்துவிடுவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? — வாசகி, திருச்சி.

பதில்: முதலில் அந்த மனிதருக்குப் பணமும் கொடுக்காதீர்கள், ஆதார் நகலும் கொடுக்காதீர்கள். 'ஏ.ஏ.' என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்), குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு. அது 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. அதில் சேர்வதற்கான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் தங்களால் இயன்றதைப் போடுவார்கள், புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் அமைப்பின் பெயரில் 8,000 ரூபாய் கேட்பவர், உங்கள் தவிப்பை விலை பேசுகிறார் என்றே பொருள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஏ.ஏ. கூட்டம் உண்டு' என்று பலகை வைத்திருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தை நம்பி மகனை அனுப்பிய தாய் ஒருவர், மூன்று மாதக் கட்டண ரசீதுகளோடு என்னிடம் வந்தார். நள்ளிரவில் வேனில் வந்து மகனைத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். அந்த இல்லத்துக்குப் பதிவே இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். 'தூக்கிக்கொண்டு போய்ச் சரி செய்து தருகிறோம்' என்பவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்; பேச்சு அங்கேயே நின்றுவிடும். உணவில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி விற்பவர்களும் இந்த வகைதான்.

கூட்டத்தைத் தேடுவது கடினமன்று. ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் கூட்ட விவரங்களையும் தொடர்பு எண்களையும் பார்க்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446இல் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். இடமும் நேரமும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், கிளம்பும் முன் ஒருமுறை தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். மதுக்கடைக்கு வழிகாட்ட எவரும் வேண்டாத ஊரில், இந்தக் கூட்டங்களின் நேரத்தை ஒரு தாளில் எழுதிப் புறநோயாளிகள் பிரிவுச் சுவரில் ஒட்டக்கூட நம்மால் முடியவில்லை. நான் எத்தனை முறை கேட்டும், 'மேலிடத்து உத்தரவு வேண்டும்' என்ற பதிலே கிடைத்திருக்கிறது.

பெரும்பாலும் ஒரு தேவாலயக் கூடமோ பள்ளி வகுப்பறையோதான் கூட்டம் நடக்கும் இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று எழுதிய அட்டை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தம் கதையைச் சொல்வார். உங்கள் கணவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். அங்கே வருகைப் பதிவேடு இல்லாததால், அலுவலகத்துக்குப் போவதற்கு எந்தத் தாளும் இல்லை. தெரிந்த முகம் எதிர்ப்படலாம்தான். ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். திறந்த கூட்டம் என்றால் நீங்களும் உடன் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் குழுக்கள் தனியாக உள்ளன.

ஒன்றை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் குடித்தவர், கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கமும் வியர்வையும் கூடி, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகச் சொல்லி, நாள் கிழமை தெரியாமல் பிதற்றலாம். அந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. அவ்வேளையில் கூட்டமோ மன உறுதியோ பயன்படாது. மருத்துவமனைப் படுக்கையும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியுமே காப்பாற்றும். காலையில் ஒரு வாய் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்றாலோ, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். அதுவரை கூட்டத்துக்குப் போகத் தடையில்லை; அன்று குடித்திருந்தாலும் அமைதியாக உட்கார முடிந்தால் அவரைத் துரத்த மாட்டார்கள்.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் வேறொரு குழுவுக்கு அனுப்பிப் பாருங்கள். குழுவுக்குக் குழு பேச்சும் மனிதர்களும் வேறுபடும். கூட்டம் முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல், தேநீர் குடித்துவிட்டு, பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் இருவரின் தொலைபேசி எண்களை வாங்கி வரச் சொல்லுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த மாலை ஆறு மணிக்கு, கடை வாசலைக் கடக்கும் முன் அவர் அழைக்க வேண்டிய எண்கள் அவை.