நாணயத்தில் பூத்த சிவப்பு மலர்

கேள்வி: போரில் உயிர்நீத்தோர் நினைவாகக் கனடா வெளியிட்ட 25 சென்ட் நாணயத்தில் சிவப்பு மலர் இடம்பெற்றது ஏன்? நிறம் மங்கிய நாணயத்தை மெருகேற்றலாமா?

பதில்: 2004-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த நாணயம், உலகிலேயே பொதுப் புழக்கத்துக்கு வந்த முதல் வண்ண நாணயமாகும். முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட பெல்ஜிய மண்ணில் பாப்பி மலர்கள் செழித்துப் பூத்ததைக் கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் கவிதையாக்கியதால், அம்மலர் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னமாயிற்று. மேப்பிள் இலையின் நடுவே அது பதிக்கப்பட்டிருக்கும் அழகு என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

மெருகேற்ற வேண்டாம். சிவப்பு மேற்பூச்சு மட்டுமே என்பதால் பல கைகள் மாறும்போது அது தேய்வது இயல்பு; தேய்த்தால் எஞ்சியதும் போய், சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் குறையும். ஓரங்களைப் பிடித்தெடுத்து, பிவிசி கலவாத உறையில் வையுங்கள்.